அடுப்பின் சாட்சியை அடக்காதீர்

கண்டி மாநகரிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் அக்குறணையிலும், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை லயங்களிலும் உலை வைத்துப் பசியாற்றும் என் உறவுகளே, உங்கள் சமையலறையில் ஒரு சாட்சி நிற்கிறது: உங்கள் மின் அடுப்பு. நேற்று அது கீச்சென்று கத்தியது; தலையில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். முந்தாநாள் முகப்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் காட்டியது. பிளக்கைக் கழற்றி மாட்டி அழித்தீர்கள். போன கிழமை ட்ரிப் சுவிட்சை விழுத்தியது, தூக்கிவிட்டீர்கள். மறுபடி விழுந்தது, மறுபடி தூக்கிவிட்டீர்கள். அதற்கும் பிறகு விழுந்தபோது, "இந்த ட்ரிப் சுவிட்ச்தான் சரியில்லை, அதைக் கழற்றிவிட்டு நேராகக் குடுத்துவிடு" என்று கரண்ட் பாஸிடம் சொன்ன வீடும் நம்மிடையே உண்டு. அந்த வீட்டுக்காகத்தான் பதறி எழுதுகிறேன். அது எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. உங்களுடையதாகவும் இருக்கலாம்.

2021 நவம்பரை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தன. குழாய் பிய்ந்தது, ரெகுலேட்டர் தெறித்தது, அடுப்பின் கண்ணாடித் தட்டு நொறுங்கியது. கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் ஓர் உணவகமே சிதறிப்போனது. முதல் செய்திகள் வந்தபோது நாம் என்ன பேசினோம்? "பழைய குழாயாக இருக்கும்." "கவனமில்லாத ஆட்களாக இருக்கும்." ஊருக்கு ஊர் வெடித்த பிறகுதான் சவர்க்கார நுரையைக் குழாயில் தடவிப் பார்க்கத் தொடங்கினோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு கண்டது. கசிவை மூக்குக்குக் காட்டிக்கொடுக்கும் மெர்கப்டான் என்ற நாற்றப்பொருளைப் போதிய அளவு சேர்த்தே கேஸ் விற்க வேண்டும் என்ற கட்டளையும் அந்த நாட்களில்தான் வந்தது. அந்தக் கட்டளையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாயு ஆளைக் கொல்லுமுன் நாற வேண்டும். எச்சரிக்காமல் கொல்லும் பொருளை எவனும் இன்னொருவன் வீட்டுக்குள் விடக்கூடாது. அந்த நியாயத்தை மற்றவர்கள் மீறியபோது நாம் உரத்துக் கத்தினோம். கத்தியது சரி. இப்போது எச்சரிக்கை வருகிறது, நேரத்துக்கு வருகிறது, நம் காதிலேயே விழுகிறது. அதை அடக்குகிற கை நம்முடையது. இனி யாரைப் பார்த்துக் கத்துவோம்?

பிறகு 2022 வந்தது. 1,500 ரூபாவுக்குள் கிடைத்த 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஏப்ரலில் 4,800 ரூபாவைத் தாண்டியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டரை வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்துக் கிடந்தோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. விறகு வசதியுள்ளவர்கள் விறகுக்குப் போனார்கள். மாடிவீட்டிலும் வாடகை அறையிலும் இருந்தவர்கள் இன்டக்‌ஷன் அடுப்பையும் கொயில் அடுப்பையும் ஹொட் பிளேட்டையும் தேடினார்கள். புதிது வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்கினார்கள். அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். ஏறிய கட்டணத்தைக் கட்டியவன் அடுப்பைப் பழுதுபார்க்கக் காசுக்கு எங்கே போவான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கையில் காசில்லாததை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொல்லப்போகும் காரியங்களில் பாதிக்கு மேல் ஒரு சதமும் செலவில்லாதவை. பிளக்கைக் கழற்றக் காசு வேண்டாம். பொத்தானை அழுத்தக் காசு வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லக் காசு வேண்டாம்.

அந்த இன்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடித் தட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாத பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதன் அருகே விடுவது சரியில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அடுப்பு முதலில் நேர்மின்சாரமாக்கும். அது ஏறத்தாழ 325 வோல்ட். ஐ.ஜி.பி.டி. என்ற ஒரு சிறு கறுப்புச் சில்லு அதை ஒரு நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திறந்து மூடும். அந்தத் துடிப்பு செப்புக் கம்பிச் சுருளில் ஓடிக் காந்தப்புலம் எழுப்பும். புலத்தில் அகப்பட்ட சட்டியின் அடி தானே சூடேறும். கண்ணாடியின் நடுவில், அடிப்பக்கம், ஓர் அரிசிமணி அளவில் வெப்பம் பார்க்கும் உணரி உண்டு. ஐ.ஜி.பி.டி.யை ஒட்டி இன்னோர் உணரி உண்டு. ஒரு விசிறி உண்டு. மின்னழுத்தம் கூடினால், குறைந்தால், சட்டி இல்லாவிட்டால், விசிறி நின்றால், சூடு மிஞ்சினால், அது கீச்சிட்டு எண்ணைக் காட்டித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். இத்தனை காவலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாமோ தலையில் தட்டுகிறோம்.

கைக்குழந்தை அழுதால் பசியா, வயிற்றுவலியா, எறும்பு கடித்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோமே தவிர, வாயைப் பொத்துகிறவன் இல்லை. அடுப்பையும் அப்படியே பாருங்கள், ஒழுங்கு முறையோடு பாருங்கள், பயத்தோடும் பாருங்கள்.

முகப்பில் எழுத்தே வரவில்லையா? அடுப்பைக் குற்றம் சொல்லுமுன் அந்த பிளக் பொயிண்டில் வேறொன்றைச் செருகிப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் குறை சுவரில். பிரேக்கரையும் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசையும் பாருங்கள். எழுத்து வந்தும் சட்டியை ஏற்காமல் கீச்சிடுகிறதா? சட்டியின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத அலுமினியச் சட்டிக்கும் மண்சட்டிக்கும் இந்த அடுப்பில் இடமில்லை, அது பழுதே இல்லை. ஐந்து நிமிடம் நன்றாக எரிந்து பிறகு நிற்கிறதா? விசிறி சுற்றுகிறதா என்று காது கொடுங்கள். பின்பக்கத் துளைகளில் தாளிதத்தின் எண்ணெயும் தூசும் சேர்ந்து கம்பளிபோல் அடைத்திருக்கும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, காய்ந்த தூரிகையால் துடையுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் மட்டும் தகராறு செய்கிறதா? ஊரே விளக்கெரிக்கும் நேரம் அது. மலைக்கு மேலே, நீண்ட கம்பியின் கடைசி வீட்டில் அழுத்தம் குறைவாக வந்து சேர்வதை அடுப்பு சொல்கிறது. அதை மின்சாரம் வழங்குவோரிடம் சொல்லுங்கள். 1987 என்ற இலக்கம் அதற்குத்தான். காட்டிய எண்ணின் பொருள் கொம்பனிக்குக் கொம்பனி வேறு; கையேட்டைத் தேடி எடுங்கள், இல்லாவிட்டால் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாஸிடம் போய் "வேலை செய்யலை" என்று மட்டும் சொல்கிறவனுக்கும், என்ன எண் வந்தது, சமையலில் எந்த நேரத்தில் வந்தது என்று சொல்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் பாதி வேலை.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் ஆனது. இதற்கு அப்பால் ஒரு கோடு இருக்கிறது. தெரியாமல் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

போட்டவுடனே பிரேக்கர் படாரென்று விழுந்தால், பெட்டிக்குள் ஐ.ஜி.பி.டி.யோ அதற்கு முன்னிருக்கும் டையோடு பாலமோ எரிந்து ஒட்டிப்போயிருக்கும். திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டால் அது குணமாகாது. சுவருக்குள் ஓடும் வயர்தான் வேகும். கண்ணாடியில் விரிசல் கண்டால், தலைமயிர் அளவு விரிசலாக இருந்தாலும், அந்த நிமிடமே நிறுத்துங்கள். பொங்கி வழிந்த பருப்புத் தண்ணீர் விரிசல் வழியே இறங்கி, மின்சாரம் ஓடும் சுருளைத் தொடும். அதன் மறுமுனை சட்டியைத் தொடும். சட்டியை உங்கள் மகள் தொடுவாள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்கள் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். "கழற்றிவிட்டேனே" என்று ஸ்குரூட்ரைவரோடு உட்காரும் இளைஞனே, தம்பி, வீடியோ பார்த்துக் கற்றேன் என்கிறாய். வீடியோவில் இருப்பவனுக்கு அடி விழுந்த காட்சியை அவன் வெட்டி எடுத்துவிட்டான். மீற்றர் வைத்து அளக்கத் தெரியாத கையால் அந்த மூடியைத் திறக்காதே.

இனி ட்ரிப் சுவிட்சுக்கு வருகிறேன். இதைத்தான் நான் முதன்மையாகச் சொல்ல வந்தேன்.

உங்கள் இன்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. ட்ரிப் சுவிட்ச் கண்விழிப்பது 30 மில்லி ஆம்பியரில். அடுப்பு இழுப்பதில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குக்கு. அந்த முந்நூறில் ஒரு பங்கு போதும் ஒரு மனித இதயத்தின் தாளத்தைக் குலைக்க. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அந்தச் சுவிட்ச் ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. கணக்கு உதைத்தால், குறைந்தது எங்கேயோ போயிருக்கிறது என்று அர்த்தம்: ஈரச் சுவருக்குள், எர்த் கம்பிக்குள், அல்லது ஓர் உடம்புக்குள். அதனால்தான் விழுகிறது. எது என்று அதற்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

அந்தச் சுவிட்சைக் கழற்றச் சொன்னவரே, நீங்கள் கழற்றியது உங்கள் மனைவியின் காவலை. ஒரு துண்டு வயரை வைத்து அதைத் தாண்டி இணைத்துக் கொடுத்த பாஸே, கூலி வாங்கியது உமது கை. அந்தக் கையே கணக்குக் கொடுக்கும். வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. விஷம் கேட்டால் கொடுப்பீரா? கசிவைத் தேட இரண்டு மணி நேரம் ஆகும், தாண்டி இணைக்கப் பத்து நிமிடம் போதும் என்பது உண்மை. அந்த மிச்ச நேரத்தை யார் ஆயுளிலிருந்து எடுத்தீர் என்று யோசித்தீரா?

ஒன்றொன்றாகக் கழற்றிக் கண்டுபிடியுங்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டுச் சுவிட்சைத் தூக்குங்கள். நின்றால் வீட்டு வயரிங் அனேகமாகத் தப்பியது. பிறகு ஒவ்வொரு சாமானாகச் செருகுங்கள். விழுத்துகிற சாமான் எதுவோ அதுதான் கசிகிறது. அதை ஒதுக்கி, பழுது தீரும்வரை அதன் வயரைச் சுருட்டி நூலால் கட்டி, மேலே ஒரு தாள் ஒட்டி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் மாலையில் வீட்டுக்கு வரும் யாரோ, எதுவும் தெரியாமல், தேத்தண்ணி வைக்க அதையே செருகுவார்கள். எல்லாம் கழற்றியும் விழுந்தால் கசிவு சுவருக்குள், உரிமமோ என்.வி.கியூ சான்றிதழோ உள்ள ஒருவரை அழையுங்கள், அன்றைக்கே.

அந்தச் சுவிட்சில் டி என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். எத்தனை வீட்டில் அழுத்தினோம்? வருடக்கணக்கில் அசையாத சுவிட்ச் இறுகிப்போகும். விழ வேண்டிய நாளில் விழாது. இதை வாசித்துக்கொண்டிருப்பவர் எழுந்துபோய் அழுத்திவிட்டு வாருங்கள். வீடு இருண்டால் நல்லது. இருளாவிட்டால் உங்கள் வீட்டில் காவல் இல்லை. இன்றிரவே இல்லை, நாளைக்கும் இருக்காது. லயத்துக் காம்பராக்களில் சில இடங்களில் அந்தச் சுவிட்சே கிடையாது. ஒரு மீற்றரிலிருந்து பக்கத்துக் காம்பராவுக்கு வயர் இழுத்திருக்கிறார்கள். மரக்கூரையும் தகரமும் ஒட்டிக்கிடக்கும் லயத்தில் ஒரு வீட்டின் தீ ஒரு வீட்டோடு நிற்காது. லயத்தில் தீ என்று செய்தி வரும்போதெல்லாம் மின்கசிவாக இருக்கலாம் என்று ஒரு வரியும் கூடவே வருகிறதே. தோட்ட நிர்வாகமே, தொழிற்சங்கத் தலைவர்களே, அந்த ஒரு வரியை வாசித்துவிட்டுத் தாளை மடிப்பதற்கு உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

சின்னச் சின்னப் பாவங்கள் என்று நாம் நினைப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபியூஸ் கட்டையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு துளைக்குள் திணிப்பது. வட்டமுள் 5 ஆம்பியர் பொயிண்டில் அடாப்டரை வைத்து 8.7 ஆம்பியர் அடுப்பை ஓட்டுவது. ஒரே மல்டி பிளக்கில் அடுப்பும் கேத்திலும் ரைஸ் குக்கரும் சேர்ந்து பதினாறு ஆம்பியரைத் தாண்டுவது. பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகி, பழுப்பாகி, மீன் வாடைபோல் ஒரு வாடை வருவதை மூக்கால் உணர்ந்தும் ஜன்னலைத் திறந்து விடுவது. சதுரமுள் 13 ஆம்பியர் பிளக்கைத்தான் நாட்டின் தரமாக ஏற்றிருக்கிறார்கள்; ஆனால் பழைய வீட்டுச் சுவரில் பழைய துளை அப்படியே இருக்கிறது. திறந்த கம்பிச் சுருள் செவ்வென்று தெரியும் கொயில் அடுப்பைப் பற்றி ஒரே சொல்: அந்தச் சுருள் உயிருள்ள மின்கம்பி, அதன்மேல் உலோகச் சட்டியை வைத்து உலோகக் கரண்டியால் கிண்டாதீர்கள். முடிந்தால் அதை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம்.

நகருக்குள் பழுதுபார்க்கும் கடைக்குப் போய் ஓர் இன்டக்‌ஷன் அடுப்பின் மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பிரசங்கம் தேவைப்படாது. செப்புச் சுருளைத் தூக்கினால் கீழே பச்சைப் பலகை, அதன் மேல் எண்ணெய் பூத்த தூசு, ஐ.ஜி.பி.டி.யின் கால்களுக்கு நடுவில் கருகி ஒட்டிய ஒரு கரப்பான். சூடு தேடி வந்தது, இரண்டு கால்களுக்கு நடுவே நின்றது, முடிந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்து நாட்டையே இருட்டாக்கியது என்று அமைச்சரே சொன்னார், நாமும் சிரித்தோம். நம் சமையலறைக் கரப்பானுக்கு நாமே இரவில் எச்சில் தட்டை விட்டுவைக்கிறோம், அதற்கு யார் சிரிப்பது? நல்ல பாஸ் அந்தக் கரப்பானைத் துடைத்துவிட்டு, எரிந்த சில்லை மாற்றியவுடன் நேராக மின்சாரம் கொடுக்க மாட்டார். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு, அதன் வழியாகத்தான் கொடுப்பார். உள்ளே இன்னும் எங்கேயாவது ஒட்டியிருந்தால் பல்பு முழுவதும் எரிந்து காட்டிக்கொடுக்கும். புதுச் சில்லு பிழைக்கும். பல்பு எரியாமல் நின்றால் அதற்குப் பிறகுதான் அடுத்த சோதனை. ஃபியூஸை மட்டும் மாற்றி, "ஓகே, கொண்டு போங்க" என்று கொடுப்பவரிடம் அடுத்த முறை போகாதீர்கள். காவல்களைச் செயலிழக்கச் செய்து, உணரியின் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை ஒட்டி அடுப்பை ஓடவைப்பவரிடம் ஒருபோதும் போகாதீர்கள். "சூடு இல்லை" என்றே எந்நேரமும் சொல்லப் பழக்கப்பட்ட அடுப்பு அது. பொய்ச்சாட்சியைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

நம் ஊரின் வானிலையும் நம்மைச் சும்மா விடாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி கண்டியைத் தேடி வரும். இடி முழங்கத் தொடங்கினால் அடுப்பை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். கரண்ட் போனால் உடனே கழற்றுங்கள். வந்தவுடன் செருகாதீர்கள், ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள், திரும்பி வரும் மின்சாரம் முதலில் நிதானமாக இராது. சமைத்து முடித்தவுடன் சுவரில் சுவிட்சைத் தட்டிவிடும் பழக்கத்தையும் விடுங்கள்: அடுப்பை அணைத்த பிறகும் விசிறி ஓரிரு நிமிடம் சுற்றி உள்சூட்டை வெளியேற்றும், அதை முடிக்க விடுங்கள். மரம் சாய்ந்து கம்பியில் விழுந்து நியூட்ரல் அறுந்தால் வீட்டு விளக்குகள் திடீரென்று பளீரென்று எரியும். அதை வேடிக்கை பார்க்காதீர்கள். 230 வர வேண்டிய இடத்தில் 400க்கு அருகே வந்துகொண்டிருக்கலாம். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்குங்கள், 1987க்குச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலை சரிந்தது, கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி வீடுகளுக்குள் புகுந்தது. எத்தனை குடும்பங்களை இழந்தோம் என்று சொல்லி மாளாது. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றிலிருந்து எடுத்த அடுப்பைக் கழுவி வெயிலில் காயவைத்தவர்கள் உண்டு. வேறு வழியில்லாதவர்கள், பிள்ளைகளுக்குச் சோறாக்க வேண்டியவர்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: வெளியே காய்ந்தது உள்ளே காயாது. பலகையில் படிந்த வண்டல் காய்ந்தபோது சும்மா இருக்கும். ஒரு மழைக்கால ஈரம் போதும், அது மின்சாரம் கடத்தத் தொடங்கும். வெள்ளத்தில் முழுகிய எந்தச் சாமானையும், சுவரில் தண்ணீர் ஏறிய எந்த பிளக் பொயிண்டையும், ஒரு மின்னியலாளர் பார்க்காமல் இயக்காதீர்கள். அவருக்குக் கொடுக்கக் காசில்லையா? இங்கேதான் நாம் ஒரு சமூகம் என்பது தெரிய வேண்டும். கோயில் பரிபாலன சபையே, பள்ளிவாசல் நிர்வாகமே, ஆலயப் பங்குச் சபையே, திருவிழாவுக்கு வர்ணவிளக்குக் கட்ட ஒரு பாஸை அழைக்கிறீர்களே, அவரையே ஒரு நாள் கூலிக்கு ஊரின் பத்து ஏழை வீடுகளுக்கு அனுப்பிவையுங்கள்.

வீட்டு உரிமையாளர்களே, பேராதனையில் பல்கலைக்கழகத்தை நம்பிப் போர்டிங் நடத்துகிறவர்களே, உங்கள் அறையில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்த பிள்ளை தங்கியிருக்கிறது. அறையில் சமைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டீர்கள். அது கட்டிலுக்கு அடியில் அடுப்பை ஒளித்துவைத்துச் சமைக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது உங்களுக்கு வசதி. அந்தத் தடை அறிவிப்பு உங்களைக் கணக்கிலிருந்து விடுவிக்காது. ஒரு பொதுச் சமையலிடத்தில் ஒழுங்கான 13 ஆம்பியர் பொயிண்ட் இரண்டு போட்டுக் கொடுங்கள்.

கடைக்காரரே, திரும்பி வந்த பழுதடைந்த அடுப்பைத் துடைத்து, பெட்டியில் போட்டு, அடுத்தவருக்கு விற்காதீர். வாங்குகிறவர்களே, உத்தரவாத அட்டையையும் பற்றுச்சீட்டையும் வாங்காமல் கடைப்படி இறங்காதீர்கள். ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் முறையிடுங்கள், முறையிடாமல் பொறுப்பது அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்யும் துரோகம். இன்னொன்றையும் செய்கிறோம். அதிகம் பேசப்படாதது. நமக்கு வேண்டாமென்ற அடுப்பை, சில நேரம் கையில் சுள்ளென்று தட்டும் அடுப்பை, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் "கொண்டுபோய்ப் பாவியுங்க" என்று தானமாகக் கொடுக்கிறோம். தட்டும் என்று சொல்லிக் கொடுத்தோமா? சொன்னால் வாங்க மாட்டார் என்றுதானே சொல்லவில்லை? சொல்லாமல் கொடுத்த தானம் தானக் கணக்கில் ஏறாது. எந்தக் கணக்கில் ஏறும் என்று உங்களுக்கே தெரியும். பழுது தீராதென்றால் வயரை அடியோடு வெட்டிவிட்டு, இலத்திரனியல் கழிவு சேர்ப்பவர்களிடம் கொடுங்கள். மகாவலிக் கரையில் கொஹாகொடைக் குப்பைமேடு ஏற்கெனவே போதிய அளவு சுமக்கிறது.

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். சம்பளம் வரட்டும் என்று சொல்லாதீர்கள். பெரஹர முடியட்டும், தீபாவளி முடியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும் என்று சொல்லாதீர்கள். கசிவுக்கு நாள்காட்டி கிடையாது. பாஸ் வரும்வரை அந்த அடுப்பை வெறுமனே செருகாமல் வைத்திருப்பது எல்லோராலும் முடியும். இரண்டு நாள் பாணும் சம்பலும் சாப்பிட்டு யாரும் இறந்ததில்லை.

கொழும்பிலும் கட்டாரிலும் துபாயிலும் வேலைக்கு நிற்கும் கண்டிப் பிள்ளைகளே, அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று காசு அனுப்பி அடுப்பு வாங்கிக் கொடுத்தது நீங்கள். இன்றிரவு அவருக்கு அழைப்பு எடுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்ட பிறகு, அடுப்பு கீச்சிடுகிறதா, கையில் தட்டுகிறதா, கண்ணாடியில் விரிசல் ஏதும் உண்டா, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று கேளுங்கள். "அது கிடக்குது மகன், நான் துணியைப் பிடிச்சுத்தான் தொடுறேன்" என்று அவர் சொன்னால், பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். முதலில் செருப்பைப் போட்டு, கையைத் துடைத்து, சுவரில் சுவிட்சை இறக்கிய பிறகு கழற்றச் சொல்லுங்கள். "பிறகு கழற்றுறேன்" என்பார். அவர் கழற்றிவிட்டேன் என்று சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.